தமிழ்நாட்டிலிருந்து இணையத்தில் வாங்குகிறீர்களா? வெளிநாட்டு ஷிப்பிங் செலவைக் குறைக்க முழுமையான வழிகாட்டி

டொராண்டோவுக்கு வந்த முதல் வருடம், சென்னையில் உள்ள ஒரு இணையக் கடையில் மூன்று புத்தகங்கள் வாங்கினேன். புத்தகங்களின் விலை 940 ரூபாய், ஷிப்பிங் 3,150 ரூபாய். இரண்டு நாள் கழித்து, விட்டுப்போன நான்காவது புத்தகம் ஞாபகம் வந்தது. அதையும் தனியாக ஆர்டர் செய்தேன். அதற்கு ஷிப்பிங் மட்டும் 2,000 ரூபாயைத் தாண்டியது. இரண்டு பொட்டலங்களும் ஒரே நாளில், ஒரே வேனில் வந்து இறங்கின.

அன்றைக்குத்தான் இந்தக் கட்டணம் எப்படிப் போடப்படுகிறது என்று உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். இப்போது ஒரு கிலோ புத்தகம் வந்து சேர, அன்று கொடுத்ததில் பாதிகூட ஆவதில்லை. ரகசியக் கூப்பனோ தள்ளுபடிக் குறியீடோ எதுவும் இல்லை. பணம் கட்டும் பட்டனை அழுத்துவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளைச் செய்கிறேன், அவ்வளவுதான். கனடா அனுபவத்தை வைத்து எழுதுகிறேன். பிரிட்டன், ஐரோப்பா, அமெரிக்கா என்று விதி மாறும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

முதல் படி: அனுப்பவே கூடாதவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்

மிச்சம் பிடிக்கும் பெரிய வழிகளில் இது ஒன்று, ஆனால் யாரும் யோசிப்பதில்லை. டேபிள் டாப் கிரைண்டரைக் கோயம்புத்தூரிலிருந்து தருவிக்க நினைத்தவர்களை எனக்குத் தெரியும். கல்லும் மோட்டாருமாக அது பத்து கிலோவைத் தாண்டும். போதாததற்கு இந்தியாவில் மின்சாரம் 230 வோல்ட், வட அமெரிக்காவில் 120 வோல்ட். இங்கே ஓடக்கூடிய மாடலை இங்குள்ள இந்தியக் கடைகளிலேயே விற்கிறார்கள். இரும்பு தோசைக்கல்லும் அப்படித்தான். இரண்டரை கிலோ இரும்பை ஆகாயத்தில் பறக்கவிடும் காசுக்கு இங்கே நல்ல வார்ப்பிரும்புச் சட்டியே வாங்கிவிடலாம்.

உணவுப் பொருளில் இன்னொரு ஆபத்து உண்டு. பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் இந்தியாவிலிருந்து தபாலில் வரும் பால் பொருட்களையும் இறைச்சியையும் அனுமதிப்பதில்லை. ஆசையாக அனுப்பிய ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா எல்லையிலேயே அழிக்கப்பட்டால், ஷிப்பிங் காசும் சேர்ந்து போய்விடும். ஆஸ்திரேலியாவில் விதை, செடி, மரப்பொருள் எல்லாவற்றுக்கும் கெடுபிடி. முதலில் உங்கள் நாட்டின் சுங்கத்துறைப் பக்கத்தில் ஐந்து நிமிடம் செலவழியுங்கள்.

புத்தகத்திலும் ஒன்றைப் பாருங்கள். கிண்டிலில் 2016 முதல் தமிழ் இருக்கிறது. ஒரு முறை படித்து வைத்துவிடப் போகிற நாவலை மின்நூலாக வாங்கிக்கொள்ளலாம். டொராண்டோ பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன, சிங்கப்பூர் தேசிய நூலகத்திலும் உண்டு. கையில் வைத்துப் புரட்ட வேண்டியவை, பிள்ளைகளுக்கான படப் புத்தகங்கள், அகராதி, திரும்பத் திரும்ப எடுக்கும் தொகுப்புகள் ஆகியவற்றுக்குத்தான் நான் ஷிப்பிங் கொடுக்கிறேன். அதற்குக் கொடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை.

இரண்டாம் படி: எடையை நீங்களே கணக்கிடுங்கள்

பெரும்பாலான தமிழ்ப் புத்தகத் தளங்களில் பக்க எண்ணிக்கை இருக்கும், எடை இருக்காது. கணக்கு எளிது. டெம்மி அளவுப் புத்தகம் ஏறக்குறைய 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். 70 ஜிஎஸ்எம் தாள் என்றால் ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 70 கிராம். அப்படிப் பார்த்தால் ஒரு தாள் 2.1 கிராம் வருகிறது. 200 பக்கம் என்பது 100 தாள், அதாவது 210 கிராம். அட்டையும் பசையும் சேர்த்து 230 என்று வைத்துக்கொள்ளுங்கள். 800 பக்க கெட்டி அட்டைப் புத்தகம் ஒரு கிலோவைத் தொட்டுவிடும். ‘100 பக்கத்துக்கு 115 கிராம்’ என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். வழவழப்பான ஆர்ட் தாளில் வரும் குழந்தைப் புத்தகங்கள் மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்காது, அவை தோற்றத்தைவிடக் கனமானவை.

புடவைக்கு இப்படிச் சூத்திரம் கிடையாது. பருத்திப் புடவை ஏறக்குறைய அரை கிலோ. காஞ்சிபுரம் பட்டு, ஜரிகையைப் பொறுத்து ஒரு கிலோவை நெருங்கலாம். கடைக்காரரிடம் தராசில் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். பெட்டி, உறை எல்லாம் சேர்த்து எவ்வளவு, சேர்க்காமல் எவ்வளவு என்று இரண்டையும் கேளுங்கள். நான் வாங்கிய ஒரு புடவையோடு வந்த அலங்காரப் பெட்டி மட்டுமே முந்நூறு கிராமுக்கு மேல் இருந்தது. அதை ஒரு நாள்கூடப் பயன்படுத்தவில்லை.

மூன்றாம் படி: பெட்டியின் பருமனுக்கும் பணம் கட்டுகிறீர்கள்

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

விமானத்தில் எடைக்கு மட்டுமல்ல, இடத்துக்கும் பஞ்சம். அதனால் டிஎச்எல், ஃபெடெக்ஸ், யுபிஎஸ் போன்ற கூரியர்கள் இரண்டு எடை பார்க்கின்றன. ஒன்று தராசு காட்டும் எடை. இன்னொன்று பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் வரும் கன எடை. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்.

முறுக்கும் தட்டையும் 45 × 35 × 30 செ.மீ. பெட்டியில் போட்டு அனுப்புகிறார்கள் என்று வையுங்கள். பெருக்கினால் 47,250. 5,000-ஆல் வகுத்தால் 9.45, அதை 9.5 கிலோ என்று எடுத்துக்கொள்வார்கள். உள்ளே இருப்பது நாலு கிலோதான். அதே சரக்கை 40 × 28 × 22 பெட்டியில் அடுக்க முடிந்தால் 24,640, கன எடை 4.93, கட்டணம் 5 கிலோவுக்கு. பெட்டியை மாற்றியதிலேயே நாலரை கிலோவுக்கான காசு மிச்சம்.

புத்தகம் இதற்கு நேர் எதிர். காகிதம் அடர்த்தியானது. நெருக்கமாக அடுக்கிய பெட்டியில் தராசு எடைதான் எப்போதும் முந்தும். ஆகவே புத்தகத்துக்குப் பெட்டி அளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், எடையைக் குறைக்கும் வழியைப் பாருங்கள். பலகாரம், மூங்கில் கூடை, கொலு பொம்மை, பாய் போன்றவற்றுக்குப் பெட்டி அளவுதான் எல்லாம்.

இதிலிருந்து ஒரு நல்ல வழி பிறக்கிறது. கனமானதையும் பருமனானதையும் ஒரே பெட்டியில் சேர்த்தால் இரண்டு எடையும் ஒன்றை ஒன்று நெருங்கும். அடியில் புத்தகம், மேலே பலகாரப் பொட்டலங்கள். காலி இடத்துக்குப் பணம் கட்டுவது அப்போது நிற்கும். எண்ணெய்ப் பலகாரமாக இருந்தால் இரட்டை உறை போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புத்தகம் எண்ணெய் குடித்துவிடும்.

நான்காம் படி: ஒரே பெட்டி, அரை கிலோ படிகள்

வெளிநாட்டுக் கட்டணத்தில் முதல் அரை கிலோதான் விலை அதிகம். பெட்டியை எடுப்பது, பதிவது, ஸ்கேன் செய்வது, சுங்கத்தில் காட்டுவது, வீட்டு வாசலில் கொடுப்பது எல்லாம் அரை கிலோவுக்கும் ஐந்து கிலோவுக்கும் ஒரே வேலை. அந்தச் செலவு முதல் படியிலேயே ஏறிவிடுகிறது. அதற்குமேல் வரும் ஒவ்வொரு அரை கிலோவும் மலிவு.

கணக்குப் புரிவதற்காக மட்டும் ஒரு உதாரணம்: முதல் அரை கிலோ 2,000 ரூபாய், அடுத்த ஒவ்வொரு அரை கிலோவும் 450 ரூபாய். ஒரு கிலோ பார்சல் 2,450 ரூபாய். மாதம் ஒன்றாக மூன்று பார்சல் வாங்கினால் 7,350. மூன்றையும் சேர்த்து ஒரே பெட்டியில் வாங்கினால் 4,250. மூவாயிரத்துக்கு மேல் மிச்சம், பொறுத்திருந்தது மட்டும்தான் நாம் செய்த வேலை.

படி என்பதையும் கவனியுங்கள். கூரியர்கள் அரை கிலோவுக்கு மேலேற்றித்தான் கணக்கிடுவார்கள். 2.05 கிலோ என்றால் 2.5-க்குக் கட்டணம். அன்பாக உள்ளே வைத்து அனுப்பும் தினசரி காலண்டரோ விலைப்பட்டியல் புத்தகமோ உங்களை அடுத்த படிக்குத் தள்ளிவிடலாம். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் எப்படியும் 2.5-க்குக் கட்டப் போகிறோமே என்று இன்னொரு சிறுகதைத் தொகுப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்கிறேன்.

வாங்க நினைப்பதையெல்லாம் உடனே வாங்காமல் ஒரு பட்டியலில் எழுதி வையுங்கள், பக்கத்தில் எடையையும் குறியுங்கள். நான்கு மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்தால் பாதி ஆசை தானாக அடங்கியிருக்கும். மீதி நிச்சயம் வேண்டியவை.

ஐந்தாம் படி: கடைக்காரரோடு பேசுங்கள்

தளத்தில் காட்டும் ஷிப்பிங் தொகை பெரும்பாலும் தானியங்கிக் கணக்கு. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக ஷிப்பிங் போட்டுக் கூட்டிவிடும் தளங்களும் உண்டு. ஏழு புத்தகத்தைக் கார்ட்டில் போட்டு, வந்த தொகையைப் பார்த்து மனம் விட்டுப்போய்த் தளத்தை மூடியவர்கள் எத்தனை பேரோ. மூடாதீர்கள். தமிழ்நாட்டுச் சிறு பதிப்பகங்களும் நெசவாளர் கடைகளும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டால் பதில் சொல்கிறார்கள். நான் அனுப்பும் செய்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“வணக்கம் சார். நான் கனடாவில் இருக்கிறேன். கீழே உள்ள ஒன்பது புத்தகங்களும் வேண்டும். என் கணக்கில் மூன்று கிலோவுக்குள் வரும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்து, எடையும் பெட்டி அளவும் சொல்ல முடியுமா? ஸ்பீட் போஸ்ட், ஏர் பார்சல், கூரியர் மூன்றிலும் எவ்வளவு ஆகும் என்று பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும். அவசரமில்லை. இன்வாய்ஸில் புத்தக விலையையும் ஷிப்பிங்கையும் தனித்தனியாகப் போடுங்கள்.”

‘அவசரமில்லை’ என்ற சொல்லுக்கு நல்ல மதிப்பு உண்டு. அவசரமில்லாத வாடிக்கையாளருக்கு மலிவான சேவையைத் தேடித் தர அவர்களுக்கு நேரம் கிடைக்கிறது. கடைசி வரி ஏன் என்பதை வரிப் பகுதியில் சொல்கிறேன்.

பட்டுப் புடவை போன்றவற்றுக்கு ஜிஎஸ்டி பற்றியும் கேளுங்கள். ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி கிடையாது. உரிய பதிவு வைத்திருக்கும் கடை, வெளிநாட்டுக்கு நேராக அனுப்பும்போது புடவை மீதான 5% வரியைச் சேர்க்காமல் விற்கலாம். 20,000 ரூபாய்ப் புடவையில் அது ஷிப்பிங்கில் ஒரு நல்ல பங்கை அடைத்துவிடும். சிறு கடைகள் இந்தப் பதிவு வைத்திருக்க மாட்டார்கள், அவர்களிடம் வற்புறுத்தாதீர்கள். அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டியே இல்லை என்பதால் அங்கே இந்தப் பேச்சு தேவையில்லை.

ஆறாம் படி: ஊரில் ஒரு முகவரி

நான்கு பதிப்பகங்களின் புத்தகம், ஒரு புடவை, கும்பகோணத்துப் பித்தளை விளக்கு என்று பல கடைகளில் வாங்கும்போது ஐந்தாம் படி பத்தாது. எல்லாம் முதலில் தமிழ்நாட்டுக்குள் ஒரே இடத்தில் சேர வேண்டும். உள்நாட்டுக் கூரியர் செலவு சொற்பம், பல கடைகளில் இலவசம்.

சித்தி வீடோ நண்பர் வீடோ இருந்தால் நல்லது. ஆனால் அவர்கள் சிரமத்தையும் எண்ணிப் பாருங்கள். பார்சல் வாங்கி வைப்பது, பிரித்து அடுக்குவது, அஞ்சலகத்துக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போவது எல்லாம் வயதானவர்களுக்கு எளிதல்ல. வருடத்துக்கு இரண்டு முறைக்குமேல் நான் கேட்பதில்லை. கூரியர் ஆள் வீட்டுக்கே வந்து எடுத்துப் போகும்படி ஏற்பாடு செய்துவிடுகிறேன்.

உறவினர் இல்லாதவர்களுக்குப் பார்சல் ஃபார்வர்டிங் நிறுவனங்கள் உண்டு. இந்தியாவில் உங்களுக்கென ஒரு முகவரி தருவார்கள். வரும் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து, பிரித்து, ஒரே பெட்டியாக்கி அனுப்புவார்கள். சேரும் முன் நான்கு விஷயம் கேட்க வேண்டும்: எத்தனை நாள் இலவசமாக வைத்திருப்பார்கள், மறு பேக்கிங்குக்கு எவ்வளவு, ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கட்டணமா அல்லது மொத்தப் பெட்டிக்கா, கிளம்பும் முன் எடையின் படம் அனுப்புவார்களா. கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டு நான் ஒரு முறை நஷ்டப்பட்டேன். ஆறு கிலோ என்று நான் போட்ட கணக்கு பில்லில் ஒன்பதாக இருந்தது. கடையிலிருந்து வந்த பெட்டிகளைப் பிரிக்காமல், அவற்றை அப்படியே ஒரு பெரிய பெட்டிக்குள் போட்டு அனுப்பியிருந்தார்கள். பெட்டி வந்து சேர்ந்த பிறகு வாதாடிப் பயனில்லை.

இந்த வழியில் ஒரு இழப்பும் உண்டு. சென்னை முகவரிக்கு வாங்கினால் அது உள்நாட்டு விற்பனை, ஜிஎஸ்டி கழியாது. விலை உயர்ந்த பட்டு வாங்கும்போது மட்டும் இரண்டு வழியையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஏழாம் படி: எதில் அனுப்புவது

அஞ்சலகம், கூரியர் நிறுவனம், கூரியர் ஏஜெண்ட் என்று மூன்று வாசல்கள் இருக்கின்றன.

சின்னப் பொட்டலத்துக்கும் அவசரமில்லாத பெட்டிக்கும் நான் முதலில் தட்டுவது அஞ்சலகத்தை. ஸ்பீட் போஸ்ட் என்று நாம் சொல்லும் ஈஎம்எஸ் வேகமானது. ஏர் பார்சல் கொஞ்சம் மெதுவாகப் போகும், விலை குறைவு. அஞ்சல் துறையின் தளத்திலேயே நாடும் எடையும் கொடுத்துக் கட்டணம் பார்க்கலாம். இணையத்தில் கிடக்கும் பழைய குறிப்புகளில் ‘ரெஜிஸ்டர்டு ஸ்மால் பாக்கெட்டில் போடுங்கள்’ என்று இருக்கும். 2026 ஜனவரி 1 முதல் இந்திய அஞ்சல் துறை அந்தச் சேவையை நிறுத்திவிட்டது. சிறு பொட்டலங்களுக்கு இப்போது ஐடிபிஎஸ் என்ற கண்காணிப்பு எண்ணுள்ள சேவை இருக்கிறது. உங்கள் நாட்டுக்கு அது உண்டா என்று விசாரியுங்கள்.

புத்தகத்துக்கென்று உலக அஞ்சல் விதிகளிலேயே ஒரு தனி மரியாதை இருக்கிறது. சாதாரணச் சிறு பொட்டலம் 2 கிலோ வரைதான், அச்சிட்ட புத்தகமானால் 5 கிலோ வரை. ஒரே முகவரிக்குப் போகும் அச்சுப் பொருள் மூட்டை 30 கிலோ வரைகூடப் போகலாம். எல்லா அஞ்சலகத்திலும் இது தெரிந்திருக்காது. பெரிய தலைமை அஞ்சலகத்தில், அச்சுப் பொருளுக்கான கட்டணம் என்று தெளிவாகச் சொல்லிக் கேட்க வேண்டும்.

உங்களுக்கு விற்பவர் சிற்றூர்க்காரராக இருந்து, வெளிநாட்டுக்கு அனுப்பத் தயங்கினால், டாக் கர் நிர்யாத் கேந்திரா என்ற அஞ்சலக ஏற்றுமதி மையங்களைப் பற்றிச் சொல்லுங்கள். 2022-லிருந்து நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேல் திறந்திருக்கிறார்கள். சுங்கப் படிவத்தை இணையத்திலேயே நிரப்பி, பக்கத்து அஞ்சலகத்திலேயே ஒப்படைக்கலாம். இதைச் சொன்ன பிறகு ஒரு கைத்தறிக்காரர் எனக்கு நேராக அனுப்ப ஆரம்பித்தார்.

கனமான பெட்டிக்குக் கூரியர் ஏஜெண்ட் நல்லது. சென்னை, மதுரை, கோவை, திருச்சி என எல்லா நகரங்களிலும் இருக்கிறார்கள். பெரிய கூரியர்களோடு மொத்த ஒப்பந்தம் வைத்திருப்பதால், அதே நிறுவனத்தின் கவுண்டரில் நேராகப் போய்க் கேட்கும் விலையைவிடக் குறைவாகத் தர முடிகிறது. பத்து கிலோவைத் தாண்டினால் கிலோ விலை இன்னும் இறங்கும். இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். எரிபொருள் கூடுதல் கட்டணமும் ஜிஎஸ்டியும் சேர்த்துச் சொல்லும் விலையா என்பதையும், எந்த நிறுவனத்தின் வழியாகப் போகும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காலமும் பார்க்க வேண்டும். தீபாவளிக்கு முன்னும், அக்டோபரிலிருந்து கிறிஸ்துமஸ் வரையும் கூரியர்கள் நெரிசல் கட்டணம் சேர்ப்பதுண்டு. பிப்ரவரி, மார்ச் அமைதியான மாதங்கள்.

எட்டாம் படி: வரியையும் ஷிப்பிங்கோடு சேர்த்து எண்ணுங்கள்

வாசலில் வந்து நிற்கும் வரியும் அதை வசூலிப்பதற்கான கட்டணமும் நமக்குச் செலவுதானே. கனடாவில் வரி வரும் தபால் பொட்டலம் ஒவ்வொன்றுக்கும் கனடா போஸ்ட் 9.95 டாலர் கையாளும் கட்டணம் வாங்குகிறது. பிரிட்டனில் ராயல் மெயில் 8 பவுண்டு. மூன்று பொட்டலமாக வந்தால் மூன்று முறை. ஒரே பெட்டி என்று நான் பிடிவாதம் பிடிக்க இதுவும் ஒரு காரணம். கூரியர்கள் நமக்காக வரியை முன்கூட்டிக் கட்டிவிட்டு, அதற்குத் தனிக் கட்டணம் போடுவார்கள். அது எவ்வளவு என்று முன்பே பாருங்கள்.

இப்போது அந்த இன்வாய்ஸ் விஷயம். கனடாவிலும் அமெரிக்காவிலும் சுங்க மதிப்பில் வெளிநாட்டு ஷிப்பிங் சேராது, ஆனால் அது இன்வாய்ஸில் தனியாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும். ‘இலவச ஷிப்பிங்’ என்று விலைக்குள் மறைத்திருந்தால் ஷிப்பிங்குக்கும் வரி கட்டுகிறீர்கள். 12,000 ரூபாய்ப் புடவை, 3,000 ரூபாய் ஷிப்பிங் என்று பிரித்துப் போட்டால், டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் 13% வரி 1,560 ரூபாய். 15,000, ஷிப்பிங் இலவசம் என்று போட்டால் 1,950. சுங்கத் தீர்வையும் உள்ள பொருளானால் வித்தியாசம் கூடும். பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் சிங்கப்பூரும் ஷிப்பிங்கையும் காப்பீட்டையும் சேர்த்துத்தான் மதிப்பிடுகின்றன, அங்கே ஷிப்பிங் குறைந்தால் வரியும் குறையும். ஆனாலும் பிரிட்டனில் சுங்கத் தீர்வை இல்லாத 135 பவுண்டு வரம்பைத் தாண்டுகிறதா என்று பார்க்கும்போது, தனியாகக் காட்டிய ஷிப்பிங்கை எண்ணுவதில்லை. எந்த நாடானாலும் பிரித்துப் போடச் சொல்வது நல்லது.

புத்தகத்துக்குப் பல நாடுகள் கருணை காட்டுகின்றன. பிரிட்டனில் அச்சுப் புத்தகத்துக்கு வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி கிடையாது. ஜெர்மனியில் 7%, பிரான்ஸில் 5.5%. ஒன்டாரியோவில் 13-க்குப் பதில் 5%. ஆகவே சுங்கப் படிவத்தில் பொதுவாகப் பொருட்கள் என்று எழுதவிடாதீர்கள். ‘அச்சிட்ட புத்தகங்கள், 4901’ என்று சுங்கக் குறியீட்டோடு எழுதச் சொல்லுங்கள். கனடாக்காரர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 20 டாலர் வரை வரியில்லை என்ற தபால் சலுகையில் புத்தகமும் பத்திரிகையும் சேராது. அந்த வரம்புக்குள் அடக்கப் புத்தகங்களைத் துண்டு துண்டாக வாங்கினால் இரட்டை நஷ்டம்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு நிலைமை மாறிவிட்டது. 800 டாலர் வரை வரியில்லாமல் வந்த சலுகை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டது. அதையொட்டி இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்கான பெரும்பாலான சேவைகளை நிறுத்தி, அக்டோபர் 15-இல்தான் மீண்டும் தொடங்கியது. வரியை அனுப்பும்போதே கட்டும் முறை அப்போது வந்தது. வாங்கும் முன் வரி யார் கட்டுவது என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

விலையைக் குறைத்து எழுதச் சொல்வதும், கடையில் வாங்கியதை அன்பளிப்பு என்று குறிப்பதும் வேண்டவே வேண்டாம். அன்பளிப்புச் சலுகை ஒரு தனி மனிதர் இன்னொருவருக்கு அனுப்புவதற்குத்தான். பிடிபட்டால் அபராதம். பெட்டி தொலைந்தாலும் படிவத்தில் எழுதிய விலைக்குமேல் நஷ்டஈடு கிடைக்காது. நம்மால் ஒரு சிறு கடைக்காரர் மாட்டிக்கொள்ளவும் கூடாது.

ஒன்பதாம் படி: பேக்கிங்

உடைந்து வரும் பொருள்தான் உலகிலேயே விலை உயர்ந்த ஷிப்பிங். சேலம் பக்கத்து மாக்கல் கல்சட்டி எனக்கு ஒரு முறை இரண்டு துண்டாக வந்தது. கல்சட்டிக்கு பபுள் ராப் ஒரு சுற்று போதாது. பெட்டிக்குள் பெட்டி வைத்து, நடுவில் இரண்டு விரல்கடை இடைவெளி விட்டு, அதை இறுக்கமாக அடைக்க வேண்டும். அடைப்பதற்குத் தெர்மாகோலுக்குப் பதில் நீங்கள் வாங்கிய பருத்தித் துண்டு, போர்வையையே பயன்படுத்தச் சொல்லலாம். எடைக்கு எடை பொருளாகவே இருக்கும்.

புத்தகத்துக்கு எதிரி ஈரமும் மூலை மடங்குவதும். மொத்தமாக ஒரு பாலிதீன் உறை, நான்கு மூலைக்கும் அட்டை, அசைய இடமில்லாத பெட்டி. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்ற வேண்டாம். பெட்டி வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுத்துவிடுங்கள், சேதத்துக்கு நஷ்டஈடு கேட்க அதுதான் சாட்சி.

பத்தாம் படி: நாலு வீடு சேர்ந்தால்

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட எங்களுக்கு அதிகம் மிச்சமானது இதில்தான். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் நாங்கள் ஆறு குடும்பங்கள் சேர்ந்து வாங்குகிறோம். டிசம்பரில் ஒரு பகிர்ந்த எக்செல் தாளைத் திறந்துவிடுவோம். புத்தகத்தின் பெயர், பதிப்பகம், பக்கம், விலை, யாருக்கு என்று அவரவர் நிரப்ப வேண்டும். ஜனவரியில் பபாசி என்ற பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கம் நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சியில் 10% தள்ளுபடி உண்டு. எங்களில் ஒருவரின் தம்பி அங்கே போய் ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்கிவிடுவார். அவருடைய ஆட்டோ செலவும், அவர் விரும்பும் இரண்டு புத்தகங்களும் எங்கள் கணக்கில்.

ஷிப்பிங்கைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பதில்லை, எடைப்படி பிரிக்கிறோம். முதல் வருடம் தலைக்குப் பிரித்ததில், இரண்டே கவிதைத் தொகுப்பு வாங்கியவரும் கலைக்களஞ்சியம் வாங்கியவரும் ஒரே தொகை கட்ட வேண்டியதாயிற்று. அந்தத் தப்பை அடுத்த வருடமே திருத்திக்கொண்டோம். வரி ரசீதும் ஏஜெண்ட் பில்லும் அதே தாளில் படமாக ஏறிவிடும், அதனால் பணப் பேச்சில் மனக்கசப்பு வருவதில்லை.

இந்தியக் கடைகளுக்குப் பணம் கட்டும்போது ஒரு சின்ன விஷயம். டாலரிலா ரூபாயிலா என்று கேட்டால் ரூபாயைத் தேர்ந்தெடுங்கள், கடையின் தளம் மாற்றித் தரும் விகிதம் பெரும்பாலும் நமக்குப் பாதகம். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் இல்லாத அட்டை ஒருவரிடம் இருந்தால், அவரே எல்லோருக்கும் கட்டிவிடட்டும்.

பெட்டி பிப்ரவரியில் கிளம்பும். வந்து சேர்ந்த சனிக்கிழமை மாலை எல்லோரும் ஒரு வீட்டில் கூடிப் பிரிப்போம். போன முறை பிள்ளைகளுக்கான புத்தகங்களை மேலேயே அடுக்கச் சொல்லியிருந்தோம். பெரியவர்கள் எடைக் கணக்கு போட்டு முடிப்பதற்குள் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.